சித்திரையில் ஒரு நாள்

"புற்றுநோய்னு முதன்முதல்ல டாக்டர் சொன்ன தேதி எதுங்க?"

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பதிவேட்டுக்கு விவரம் எழுதும் சாரதாமணி கேட்டது லிங்கசாமியைத்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் மனைவி மருதம்மாள் முந்திக்கொண்டாள்.

"போன வெள்ளிக்கிழமைங்க. இதே ஆஸ்பத்திரியில, சதை எடுத்துப் பாத்துட்டுச் சொன்னாங்க. நாந்தானுங்க பக்கத்துல நின்னேன்."

கடைசி வார்த்தைகளைக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள். வராந்தாவில் மோர்ச் சொம்போடு உட்கார்ந்திருந்த பொன்னாத்தாள் காதில் விழட்டும் என்றுதான்.

பொன்னாத்தாள் லிங்கசாமியின் அக்கா. கல்யாணத்தன்று தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையும் அக்காவும் சேர்ந்து, உடன்பிறந்தவளுக்கே உரிய இணைச்சீர்ச் சடங்கைச் செய்தபோது, மணப்பெண்ணான மருதம்மாள் உள்ளறையில் காத்துக்கொண்டிருந்தாள். வெளியே எல்லோரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. அன்றைக்குப் பற்றியது இன்னும் அணையவில்லை. ஊத்துக்குளியிலிருந்து அக்கா வெண்ணெய் கொடுத்தனுப்பினால், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டரான அந்த மனிதன் சின்னப் பையன் மாதிரி மூடியைத் திறந்து மோந்து பார்ப்பான். அதைப் பார்க்கப் பார்க்க மருதம்மாளுக்கு வயிறு எரியும்.

சாரதாமணி பேனாவை எடுத்தாள். "அதுக்கு முன்னால வேற டாக்டர் யாராச்சும், வாயைப் பாத்தே இதுதான்னு சொன்னாங்களா? சொல்லியிருந்தா அந்தத் தேதியத்தான் எழுதணும். இப்ப எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஒரே மாதிரி எழுதறமுங்க."

லிங்கசாமி கன்னத்தைத் தடவினான்.

"ஈரோட்டுல ஒருத்தர் சொன்னாருங்க."

மருதம்மாள் திரும்பினாள். "எப்ப?"

"சித்திரையில."

இப்போது ஐப்பசி.

"ஆரு கூட வந்தா?"

அவன் வராந்தாப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். அது போதுமானதாக இருந்தது.

"உங்கக்கா," என்றாள் மருதம்மாள். "அவங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. பாய் விரிச்சுப் பக்கத்துல படுக்கறவளுக்குத் தெரியாது."

"நீ தாங்க மாட்டேன்னுதான் புள்ள..."

"அவங்க தாங்குவாங்களாக்கும்!"

சாரதாமணிக்கு இந்த மாதிரி சண்டைகள் பழக்கம் போலிருந்தது. தலை நிமிராமல் கேட்டாள்: "சித்திரையில எந்த நாளுங்க? சித்திரைன்னா ஏப்ரல்லயும் வரும், மே மாசத்துலயும் வரும். நாள் தெரியாட்டி தொண்ணூத்தொம்பதுன்னு போடுவோம். மாசமும் தெரியாட்டி அதுக்கும் தொண்ணூத்தொம்பதுதான்."

"அப்படியே போட்டுக்குங்க," என்றான் லிங்கசாமி அவசரமாக. "எனக்கு நெனப்பில்லீங்க."

பொய். அவளுக்காகச் சொல்கிற பொய் என்று மருதம்மாளுக்குத் தெரிந்தது, இனித்தது. இல்லாத நாளைக் காட்டும் இரண்டு எண்கள். அவளில்லாமல் அவர்கள் இருவரும் ரயிலேறிப் போன அந்த நாள், அது இருந்த சுவடே தெரியாமல் போய்விடும்.

"தொண்ணூத்தொம்பது போட்டா என்னாகுங்க?" என்று கேட்டாள். அழிவது முழுக்க அழியட்டுமே என்று.

"நோய் தெரிஞ்ச நாள்ல இருந்து எத்தனை காலம் இருக்காங்கன்னு எண்ணுவோமுங்க. எங்கிருந்து எண்ண ஆரம்பிக்கறதுன்னு தெரியாதில்லீங்களா? அதுக்கப்புறம் இவரு இருந்த மாசமெல்லாம் கணக்குல சேராது."

மருதம்மாள் மனதுக்குள் மாதங்களை எண்ணினாள். வைகாசி, ஆனி, ஆடி. ஆடியில் ஒரு நாள் அவன் காரக்குழம்பை ஒதுக்கி வைத்தபோது, "அக்கா ஊட்டுச் சோறுன்னா எறங்குமாக்கும்" என்று தட்டைத் தள்ளியிருந்தாள். அவன் அதை இழுத்து வைத்து, கண்ணில் நீர் முட்ட, முழுவதும் தின்றான். வாய்க்குள் புண்ணை வைத்துக்கொண்டு. அந்த மாதங்களெல்லாம் அவள் வீட்டில், அவள் கையால் தின்று அவன் இருந்த மாதங்கள். அழித்தால் பொன்னாத்தாள் இழப்பது ஒரே ஒரு நாள்; இவள் இழப்பது அத்தனை மாதங்களும்.

வெளியே வந்து நாத்தனார் முன்னால் நின்றாள்.

"நங்கை, ஈரோட்டுக்கு என்னிக்குப் போனீங்க?"

பொன்னாத்தாள் சொம்பை மடியில் இறக்கி வைத்தாள். "மருதா... அவன்தான் சொல்ல வேண்டாம்னு..."

"அதக் கேக்கல. என்னிக்கு?"

"சித்ரா பௌர்ணமிக்கு மறுநாளு."

"அழுதாரா?"

"இல்ல ஆயி. டீ கேட்டான். சூடு தாங்கல. நாந்தான் ஆத்திக் குடுத்தேன்."

அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது மருதம்மாளுக்கு. அந்த டீயை அவளால் பொறுக்க முடியவில்லை. எந்தக் கடை, எத்தனை தரம் ஆற்றினாள், எல்லாம் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டால் தாங்காது. விறுவிறுவென்று உள்ளே திரும்பினாள்.

"சித்ரா பௌர்ணமிக்கு மறுநாளுங்க."

சாரதாமணி காலண்டரைப் புரட்டிப் பார்த்து, ஏப்ரல் இருபத்தாறு என்று கட்டங்களில் எண்களாக நிரப்பினாள். மருதம்மாள் மேசைமேல் குனிந்தாள்.

"ஏனுங்க, கூட ஆரு போனாங்கன்னு இதுல எழுதுவீங்களா?"

"இல்லீங்க. அதுக்குக் கட்டமே கெடையாது."

"நல்லதாப் போச்சு."

லிங்கசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் புண் இழுத்து, "ஆ" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். வாசலில் பொன்னாத்தாள் சொம்போடு எழுந்து வருவது தெரிந்தது. மருதம்மாள் எட்டிப்போய் அந்தச் சொம்பை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்க நங்கை. நான் குடுக்கறேன்."