படங்குக் கட்டு

நிரஞ்சலாவுக்கு வலி வந்துவிட்டது. கணினிக்கு மட்டும் அது தெரியவில்லை.

வயிற்றைச் சுற்றிய பட்டையில் வில்லை மாதிரி ஒரு கருவி இருந்தது. கருப்பை இறுகும்போதெல்லாம் அது திரையில் கோட்டை மேலே ஏற்ற வேண்டும். கோடோ தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களம் போலத் தட்டையாகக் கிடந்தது.

பிரசவ அறையில் உட்கார்ந்திருந்த டொக்டர் வீரசிங்கம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இவவுக்கு இன்னும் வலி தொடங்கேல்ல. வார்ட்டுக்கு அனுப்புங்கோ. கட்டில் வேணும்.”

“நான் போக மாட்டேங்க டொக்டர்,” என்றாள் நிரஞ்சலா.

“மெஷின் பொய் சொல்லுமே?”

“அது என்ன சொல்லுதோ. புள்ள வரப்போகுது. பெத்தவ சொல்றேன்.”

வார்ட்டுக்குப் படி இறங்கிப் போக வேண்டும். மூத்த மகள் மடுல்சீமையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில், தோட்டத்து லொறியில், கொழுந்துச் சாக்கின் மேல் பிறந்தவள். வலி கண்டதும் தெரியாது, பிறந்ததும் தெரியாது. அடுத்ததைப் படிக்கட்டில் பெறும் உத்தேசம் நிரஞ்சலாவுக்கு இல்லை. கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் வேலையாக இருந்த தாதி நளீரா திரும்பினாள்.

“என்ன புள்ள, கம்பியப் புடுங்கி வீட்டுக்குக் கொண்டு போகப் போறியா?”

சொல்லிக்கொண்டே வயிற்றின் மேற்பக்கம் கையை வைத்தாள். அந்த நேரம் பார்த்து வலி எழுந்தது. கைக்கடியில் வயிறு கல்லாக இறுகியது. திரையில் அசைவே இல்லை. நளீரா போர்வையை விலக்கினாள். தொப்புளுக்கு மேலே இருக்க வேண்டிய பட்டை இடுப்பில் இறங்கி, பக்கவாட்டில் இறுக்கிச் செருகியிருந்தது.

“இத யாரு கட்டினது?”

“நாந்தான் மிஸ். பாத்ரூம் போக அவுத்தேன். திரும்பக் கட்டிக்கிட்டேன்.”

“இது என்ன கட்டு?”

“படங்குக் கட்டுங்க. கொழுந்தெடுக்கையில சீல நனையாம படங்குத் துணிய இடுப்புல சுத்துவோம்ல, அந்தக் கட்டு. மலையில உருண்டாலும் அவுறாது.”

“அவுறாதுதான். மேல வயிறு இறுகுறது இடுப்புல கட்டினா அதுக்கு எப்புடித் தெரியும்?”

பட்டையை அவிழ்த்து மேலேற்றிக் கட்டினாள். அடுத்த வலியில் கோடு செங்குத்தாக ஏறியது. இறங்கியது. மூச்சு விடுவதற்குள் மறுபடியும் ஏறியது.

வீரசிங்கம் எழுந்தே விட்டார். “வார்ட் வேண்டாம். கையுறையைத் தாங்கோ.”

“மெதுவா மாட்டுங்க டொக்டர்,” என்றாள் நிரஞ்சலா, பல்லைக் கடித்தபடி. “புள்ளதான் காத்திருக்காது.”

காத்திருக்கவில்லை. அவர் ஒரு கையுறையை மாட்டி மற்றதை உதறுவதற்குள் பையன் நளீராவின் கையில் வழுக்கி விழுந்தான். பிறந்த கையோடு, அறையில் இருந்த எல்லோரையும் திட்டுகிற மாதிரி கத்தினான்.