சக்திகுமாரின் கல்லீரல்

சக்திகுமார் பீர் பாட்டிலைக் கையால்கூடத் தொட்டதில்லை. அப்படிப்பட்டவனுக்குத்தான் கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் கல்லீரல் கெட்டிருக்கிறது என்று வந்து தொலைத்தது. செய்தி ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஏறி, படப்பையைத் தொடும் முன்பே சேரப்பணஞ்சேரியில் இறங்கி, பெண் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது.

“குடிகாரனுக்கு எம் பொண்ணக் குடுக்க மாட்டேன்” என்றார் காவேரியின் அப்பா அண்ணாதுரை. காவேரி அழுது அடம்பிடித்ததில் கொஞ்சம் இறங்கி வந்தார். ஆடி கழியட்டும், மறுபடி ரத்தம் எடுக்கட்டும், சரியாக இருந்தால் நிச்சயதார்த்தம்.

கம்பெனி டாக்டருக்கு விஷயம் புரிந்திருந்தது. அங்கே செய்வது பெரோவ்ஸ்கைட் சோலார் தகடு. கண்ணாடி மேல் ஒரு மையைப் பூசி, காயவைத்து, ஓவனில் சுடுவார்கள். அந்த மையைக் கரைக்கும் சால்வென்ட்டின் ஆவிதான் கல்லீரலைப் பதம்பார்த்திருந்தது.

விஷம் குறைந்த வேறொரு சால்வென்ட்டுக்காக இன்ஜினீயர் பெனிஷா நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி, ஒரே ஒரு ட்ரையல் வாங்கியிருந்தாள். தேறாவிட்டால் பழைய சனியனே தொடரும். மை பூசுவது சக்திகுமார். அன்று காலை அவன் வேண்டாத சாமி இல்லை.

முதல் தகடு வந்தது. கறுப்பாகப் பளபளக்க வேண்டியது, நீர்மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. இரண்டாவதும் அப்படியே.

“சக்தி, நல்லா காஞ்சப்புறம்தானே ஓவன்ல வெச்சே?”

“ஆமா மேடம். வாடையே வரலியே.”

“என்ன வாடை?”

பழைய சால்வென்ட்டுக்கு மீன் கவிச்சி உண்டு. மாஸ்க்கை லேசாக இறக்கி, தகட்டை முகர்ந்து, கவிச்சி போயிருந்தால் ஓவனில் வைத்துவிடுவான். லைனில் எல்லாருமே அப்படித்தான், டைமரை யார் பார்த்தார்கள்? புதியதற்கோ வாடையே கிடையாது. காய்வதும் மெதுவாகத்தான்; இரண்டு தகடும் ஈரத்தோடே ஓவனுக்குள் போயிருந்தன.

பெனிஷா தலையில் அடித்துக்கொண்டாள். “தினமும் மாஸ்க்க எறக்கி மோந்து பாத்தியா? அப்புறம் லிவர் என்னத்துக்கு ஆவும்?”

சக்திகுமாருக்கு வெட்கத்தில் காது சுட்டது. சொந்தக் கல்யாணத்துக்குத் தானே வேட்டு வைத்திருக்கிறான்! மூன்றாவது தகட்டை, மாஸ்க்கை இறுக்கிக்கொண்டு, டைமர் கத்தும்வரை தொடாமல் நின்றான். அது ஓவனிலிருந்து வந்தபோது அவன் முகமே அதில் தெரிந்தது. பெனிஷா சின்னப் பிள்ளைபோல் கைதட்டினாள். அடுத்த வாரமே லைன் முழுக்கப் புது சால்வென்ட்டுக்கு மாறியது.

ஆவணியில் ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். காவேரி போன் செய்தாள்.

“அப்பா ஒத்துக்கினாரு! நாளைக்கே வூட்டுக்கு வரச் சொல்றாரு.”

“நெசமாவா? சால்வென்ட் மேட்டர எடுத்துச் சொன்னியா?”

“அதெல்லாம் எங்க காதுல வாங்கினாரு? ‘குடிய அப்டியே வுட்டுட்டான் பாரு, எம் பொண்ணு மேல எவ்ளோ ஆசை இருக்கணும்’னு தெருவெல்லாம் சொல்லிக்கினு கீறாரு.”

“அடியே, நான் எப்பவுமே குடிச்சதில்லியே!”

“கம்முனு இரு. குடிக்காதவன்னு சொன்னப்போ பொண்ணு குடுத்தாரா?”