மாமா காதுக்கு ஆகாதது

"உங்க பெரியம்மா எப்பவுமே இப்படித்தான் பேசாம இருப்பாங்களா?"

நியூஸிலாந்திலிருந்து எங்கள் துக்கத்தைச் சரிசெய்ய வந்திருந்த ஹெதர் என்னைக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபுசி பெரியம்மா வாயைத் திறந்தால் பாதிரியாரே பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிச் சிரிப்பார். எங்கள் தீவில் அவள் மானத்தை வாங்காத ஆம்பளை கிடையாது.

சுனாமி வந்ததிலிருந்து அவள் வாயில் ஒரு சொல் இல்லை. பெரியப்பா பன்றியைக் காப்பாற்றத் திரும்பி ஓடினார். பன்றி நீந்திக் கரையேறிவிட்டது. அவர் ஏறவில்லை.

மேட்டில் மிச்சமிருந்தது தேவாலயக் கூடம் ஒன்றுதான். எல்லோரும் அதற்குள் கிடந்தோம். ஹெதர் பெண்களை வட்டமாக உட்கார வைத்தாள்.

"உங்க வலிக்கு என்ன நிறம்? கூச்சப்படாம சொல்லுங்க."

"உங்களுக்கு எது பிடிக்கும் மிஸ்? அதையே வெச்சுக்கோங்க" என்றாள் ஒருத்தி.

அப்போது அந்தப் பன்றி உள்ளே வந்து பெரியம்மாவின் காலில் முதுகைத் தேய்த்தது. பெரியம்மாவின் உதடு துடித்தது. பெண்கள் அத்தனை பேரும் முன்னால் சாய்ந்தார்கள். அவள் கண் வாசல் பக்கம் போனது. வாய் மூடிக்கொண்டது.

வாசலில் அவளுடைய அண்ணன் விலிசோனி மாமா, மடியில் பைபிளோடு உட்கார்ந்திருந்தார். பெரியப்பாவைப் புதைத்ததிலிருந்து தங்கைக்குக் காவல். எங்கள் ஊர் வழக்கப்படி மற்ற நாளில் அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் உட்கார்ந்து டிவிகூடப் பார்க்க மாட்டார்கள். அண்ணன் காதில் அசிங்கப் பேச்சு விழுந்தால் தங்கை செத்தாள்.

"பாவம், அதிர்ச்சி" என்றாள் ஹெதர். "நாளைக்குப் படகுல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்."

படகு என்றதும் பெரியம்மா என் கையை இறுக்கினாள். அலைக்குப் பிறகு அவள் கடல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் பேசிவிட்டால் படகு வேண்டாம். ஆனால் மாமாவிடம் யார் சொல்வது? இந்த ஊரில் தாய்மாமனிடம் எதையும் சொல்லலாம், அவர் தட்டிலிருந்து கோழிக்காலைக்கூடப் பிடுங்கலாம். ஆனால் மருமகள் மட்டும்தான். அங்கே இருந்த ஒரே மருமகள் நான். அதுவரை ஒரு எலும்புகூடக் கேட்டதில்லை.

"மாமா, கொஞ்சம் எந்திரிச்சுப் போங்க."

"எதுக்குடி? அவளுக்கு நான்தானே காவல்?"

"நீங்க இருக்கறதாலதான் பேச மாட்டேங்குறா."

"நான் என்ன பண்ணேன்? ராப்பகலா அவளுக்காக ஜெபம்தானே பண்றேன்!"

"அவளுக்கு வர்றது ஜெபம் இல்ல மாமா. வேற." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "பன்னியப் பத்தி. பெரியப்பாவப் பத்தியும்."

"நான் கேக்கக் கூடாததா?"

"கேட்டா நீங்க அப்புறம் கோயிலுக்கே வர மாட்டீங்க."

அவருடைய காது சிவந்தது. எனக்குப் பின்னால் பெரியம்மா சிரிப்பை அடக்கப் பாவாடை நுனியை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் கொட்ட உட்கார்ந்திருந்தாள்.

மாமா பைபிளை மூடினார். பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார். தங்கை பக்கம் திரும்பாமல், வெளியே கொட்டுகிற மழையில் இறங்கி, எந்தச் சத்தமும் எட்டாத தூரத்துக்கு நடந்து போனார்.