ஒன்பதாவது ஷரத்து

...இல்லை, இதுல ஏதோ உள்குத்து இருக்கு, இவ்வளவு சுலபமா ஒருத்தன் தலையாட்டுவானா, இயக்குநர் குழுவில் மூணுக்கு ரெண்டு இடம் எங்களுக்குன்னா சரிங்கிறான், எப்ப வேணாலும் வந்து கணக்கைப் புரட்டுவோம்னா அதுக்கும் சரிங்கிறான், வக்கீலா இவன், இல்ல நம்மை ஆழம் பார்க்கிறானா? எல்லாம் விளையாட்டுதான், வணிகச் சட்டம் கத்துக்கொடுக்க வாத்தியார் தனசேகரன் வகுப்பில் நடத்துகிற பொய் பேரம், வெள்ளிமலையில் சாமை அவல் போடுகிற புதுக் கம்பெனியாம், அதற்கு முதலாளியாகச் சுபஸ்ரீ நடிக்கிறாள், அவளுக்கு வக்கீல் கவியரசன், பணம் போடுகிறவருக்கு வக்கீல் எழில்மதி. ஆனால் பேரத்தைத் தன் பக்கம் முடித்து ஜெயிக்கிற வக்கீலுக்குச் சென்னையில் பெரிய வக்கீல் ஆபீசில் ஆறு மாசப் பயிற்சி, அது பொய்யில்லையே, ஒரே ஒரு இடம், அது கைநழுவினால் கச்சிராயபாளையம்தான், கரும்புத் தோட்டம்தான், அப்பா பார்த்து வைத்திருக்கிற மாப்பிள்ளைதான்... ஐயோ, எழில்மதிக்கு அது வேண்டவே வேண்டாம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் தன் மலை ஊர் பஸ்ஸுக்கு நிற்கும்போது முந்தாநாள் இந்தக் கவியரசன் சிரித்தானே, எதுக்கு? ஜெராக்ஸ் கடையில் பின்னாடியே வந்து நின்றானே, எட்டிப் பார்த்திருப்பானோ? பார்த்திருந்தால் ஒன்பதாவது ஷரத்து தெரிந்திருக்கும், நாலு வருஷத்துக்குள் முதலாளி எந்தக் காரணத்தால் விலகினாலும், நோயாகவே இருந்தாலும், அவர் பங்கு முழுசும் வெறும் முகமதிப்பு விலைக்கு, பங்குக்குப் பத்து ரூபாய்க்கு, பணம் போட்டவருக்கு என்று, அரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியமாக இங்கிலீஷில் அவள்தான் புதைத்து வைத்திருந்தாள். அதைப் பற்றி மட்டும் இவன் மூச்சு விடவில்லை. ஊமைக் கோட்டான்.

“கையெழுத்துப் போட்டுடலாமா கவி?” என்று சாதாரணமாகத்தான் கேட்டாள், அவனோ “இரு எழில், எங்க ஊர்ல இன்னா காயிதமா இருந்தாலும் எல்லார் எதுர்லயும் தமிழ்ல படிச்சப்புறம்தான் கைநாட்டு, எழுதனவங்கதான் படிக்கணும், நீயே படிச்சிடு” என்றான். நேரத்தைக் கடத்தப் பார்க்கிறானா, நம்மைத் திணற வைக்கவா, இல்லை மலையில் நிஜமாகவே இப்படித்தானா? வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்து, படிம்மா, இன்னும் இருபது நிமிஷம் இருக்கு என்றுவிட்டார். படித்தாள். ஒன்று, ரெண்டு, மூணு, தமிழில் சொல்லச் சொல்ல எல்லாம் ரொம்பச் சின்னதாக, யாருக்கும் புரிகிற மாதிரி ஆகிக்கொண்டே வந்தது, சுபஸ்ரீ கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நிஜ முதலாளி மாதிரியே கேட்டுக்கினு இருந்தாள், பாவி, இவ ஏன் இப்படி உம் கொட்டுறா? கவியரசன் வகுப்பு தொடங்கும்போது அவள் கொடுத்த பிரதியில் வரி வரியாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தான். ஏழு, எட்டு. அடுத்ததை எப்படிச் சொல்வது, உனக்கு உடம்புக்கு முடியாம போனா உன் கம்பெனி எங்களுக்கு என்று சுபஸ்ரீ முகத்தைப் பார்த்துச் சொல்வதா, சொன்னால் இவன் துள்ளிக் குதிப்பான், பேரம் முறியும், சென்னை போச்சு... வாய் தானாக “பத்தாவது” என்றது.

யாரும் நிமிரவில்லை. பத்து, பதினொண்ணு, பன்னிரண்டு, முடிந்தது. “அவ்ளோதானா, எல்லாம் நல்லாதான கீது, எங்க போடணும்?” என்று சுபஸ்ரீ பேனாவுக்குக் கை நீட்டினாள். கவியரசனின் விரல் ஒன்பதிலேயே நின்றிருந்தது, தவறிப்போய் நின்றதா, பார்த்துக்கொண்டே நிற்கிறதா, கண்டுபிடிக்க முடியவில்லை, வேணும்னேதான் படிக்கச் சொன்னானோ, இல்லை அவங்க ஊர் மாதிரி, படிக்கிறவ முழுசாகத்தான் படிப்பாள் என்று நம்பிச் சொன்னானோ? ஒரு வாரமா அவன் சிரிச்சதை, நின்னதை, பேசாம இருந்ததை எல்லாம் சந்தேகப்பட்டாச்சு, தன் வாய் இப்படிச் செய்யும் என்று மட்டும் அவளுக்கு ஒரு தரம்கூடத் தோணவேயில்லை. சுபஸ்ரீயின் கை நீட்டினபடியே இருந்தது.