பத்து மணிக்கு முனீஸ்வரி, பத்தரைக்கு நான்

1

இந்தக் கதை மாஸ்க்கில் பிறந்தது. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கும் யூனிட் ஒன்றில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க். பூ வைக்கக் கூடாது. வரிசையாக உட்கார்ந்தால் நாற்பது பேரும் ஒருத்தி மாதிரியே இருப்போம். மழை நின்றுபோன ஒரு நாட்டில் இளவரசன் இப்படி உட்காரவைத்துத்தான் பெண் தேர்ந்தெடுப்பான் என்று தோன்றியது. தோற்றவளின் பெயரை ஊரே மறந்துவிட வேண்டும். அது அங்கே சட்டம்.

(ப்ளஸ் ஒன்னில் படிப்பை நிறுத்தியவள் நான். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: "அந்த நாட்டில் மேகங்களுக்கும் காவல்காரர்கள்..." அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "இளவரசனின் கண்கள்..." மேலே ஓடவில்லை. எந்த ஆணின் கண்ணையும் நான் நேராகப் பார்த்ததில்லை.

மூன்றாவது: "முனி தன் மாஸ்க்கைக் கழற்றினாள்." இது நின்றது.

முனி என்பவள் முனீஸ்வரி. எனக்குப் பக்கத்து இடம். இந்த நோட்டு இருப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் வாங்கிப் படிப்பாள்.

"ஏட்டி நாகு, இளவரசன் எப்பத்தான் என்னையப் பாப்பான்? எம்புட்டு நாளா மடிச்சுக்கிட்டே இருக்கேன்!"

"அடுத்த வாரம்."

"மூக்கு சப்பைன்னு எழுதிருக்கியே, அத மாத்து. பொறவு அவன் வேற ஆளப் பாத்துருவான்."

மாற்றினேன்.

3

இங்கே நிஜம் குறுக்கே வருகிறது. எங்கள் ஆட்கள் பெண் பார்க்க நேராக வீட்டுக்கு வருவதில்லை. முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில், தற்செயலாகச் சந்தித்ததுபோலப் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. எல்லோரும் சாமி கும்பிட வந்தவர்கள்.* முனி நான்கு முறை இப்படிச் சாமி கும்பிட்டுவிட்டாள். ஐந்தாவது, ஞாயிற்றுக்கிழமை வரவிருந்த வன்னியம்பட்டி மாப்பிள்ளை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னிடம், "பட்டுச் சேலையைக் கெட்டு, கோயிலுக்குப் போயிட்டு வருவோம்" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. முனிக்குத் துணையாக நிற்கலாம் என்று சந்தோஷமாகவே போனேன்.

பிரகாரத்தில் எதிரே வந்த முனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காவா வந்த? பாத்துட்டாவ ஏட்டி! அவங்க அம்மா சிரிச்சாவ!"

பிறகு என் சேலையைப் பார்த்தாள். என் அம்மாவைப் பார்த்தாள். கையை விட்டாள்.

* பெண்ணிடமே சொல்லாமல் கூட்டிப்போவதும் உண்டு. சொன்னால் முகம் மாறிவிடுமாம்.

4

பத்து மணிக்கு முனியைப் பார்த்த அதே வன்னியம்பட்டி மாப்பிள்ளை, பத்தரைக்கு என்னைப் பார்த்தான். பெயர் விக்னேஷ்வரன். கெட்டவன் இல்லை. இளவரசனைக் கொடியவனாக எழுதியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். தலையாட்டினேன். செவ்வாய்க்கிழமை, என்னைப் பிடித்திருப்பதாகத் தகவல் வந்தது.

முனி கடைசி வரிசைக்கு மாறிவிட்டாள். போய் நின்றேன்.

"சத்தியமா எனக்குத் தெரியாது, முனி."

"கதை எழுதுறவளுக்குத் தெரியாதாக்கும்" என்றாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மூக்க மட்டும் மாத்திவச்சியே, நல்லாருட்டி."

5

வெள்ளிக்கிழமை அப்பா பதில் சொல்ல வேண்டும். இன்று வியாழன்.

முடிவு அ: நான் மறுக்கிறேன். அவர்கள் முனி வீட்டுக்குப் போகிறார்கள். யாருக்கு அடுத்தபடியாகத் தன்னைக் கேட்டு வந்தார்கள் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரிந்திருக்கும்.

முடிவு ஆ: சம்மதிக்கிறேன். முனி ஆறாவது முறை சாமி கும்பிடப் போகிறாள். கல்யாணத்துக்கு வரமாட்டாள். வந்தாலும்...

முடிவு இ: இரண்டு பெண்களும் கைகோத்து அரண்மனையை விட்டு ஓடுகிறார்கள். (பொய். இரண்டு பேருக்கும் எட்டு மணி ஷிப்ட்.)

மூன்றையும் அடித்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் நோட்டை முனியின் தூக்குவாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வரப்போகிறேன். அவள் எழுத்து வலப்பக்கம் சாயும். இதற்குக் கீழே அப்படி ஒரு வரி இருந்தால், அதுதான் முடிவு. இல்லையென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன்னால் அவளை ஒரு வார்த்தை கேளுங்கள்.