இரண்டு விரற்கடை

சல்பியா அக்காவும் நானும் லான் பௌல்ஸ் என்ற பந்துருட்டும் ஆட்டத்தில் மலேசியாவுக்காகப் பதினேழு வருடம் இணையாக ஆடினோம். அவர் தலைவி. நான் முதலில் உருட்டுபவள். என் பந்துகள் தீர்ந்ததும் புல்தரையின் மறுகோடிக்குப் போய், குறியாகக் கிடக்கும் குட்டி வெள்ளைப் பந்தருகே நிற்பேன். அவர் முப்பது மீட்டர் தள்ளிப் பாய்மேல் நின்று உருட்டுவார். எந்த அணியின் பந்து வெள்ளைக்குக் கிட்டே நிற்கிறது என்று நானும் எதிரணிக்காரியும் பார்த்துச் சொல்ல வேண்டும். சந்தேகம் என்றால் நாடா பிடித்து அளக்கலாம். ஒருத்தி விட்டுக்கொடுத்துவிட்டால் அதோடு சரி, அப்புறம் நடுவரே வந்தாலும் மாற்ற முடியாது.

கோலாலம்பூர் இறுதியாட்டத்தன்று காலையில் அக்கா நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"நிதா, வரவர என் பந்து எங்க நிக்குதுன்னு பாயிலேருந்து நிச்சயமா தெரியமாட்டேங்குது. இன்னிக்குப் பாப்பேன். கண்ணு பொய் சொல்லிச்சுன்னா இத்தோட விட்டுருவேன்."

"நாப்பத்தாறு வயசுல கண்ணு பின்ன வேற என்ன பண்ணும்? மொதல்ல சாப்பிடுங்கக்கா, சம்பல் ஆறுது."

சிரித்தார். அந்த ஆட்டத்தில் அவருக்கு வேண்டியிருந்தது பதக்கம் இல்லை, தன் கண்மேல் நம்பிக்கை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

எதிரே பிலிப்பீன்ஸ் அணி. என் பக்கத்தில் நின்றவள் மாரிவிக். இரண்டு முறை வீம்பாக நாடா கேட்டேன், இரண்டு முறையும் அவர்களுடையதுதான் கிட்டே இருந்தது. "அந்த நாடாவ வீட்டுக்கே எடுத்துட்டுப் போம்மா!" என்று கூட்டத்திலிருந்து நம்ம ஆள் ஒருவனே கத்த, எல்லோரும் சிரித்தார்கள். காது சுட்டது.

கடைசிச் சுற்றுக்கு வந்தபோது இரு தரப்புக்கும் பதினான்கு புள்ளி. ஆட்டத்தின் கடைசிப் பந்தாக அக்கா உருட்டியது வெளியே போய், வளைந்து, உள்ளே வந்து நின்றது. பாயில் நின்றபடியே இரு கையையும் தூக்கினார். மழை தூற ஆரம்பித்திருந்தது. சுற்றிவந்து இரு பக்கமும் குனிந்து பார்ப்பதுதான் முறை. நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். நாடா கேட்டால் மறுபடி சிரிப்பார்களே என்பதுதான் மண்டையில் ஓடியது. மாரிவிக் வாயே திறக்கவில்லை.

"உங்களுதுதான்" என்று சொல்லி, பழக்கதோஷத்தில் பந்துகளைக் காலால் ஒன்றாகத் தள்ளிவிட்டேன். அக்கா அப்போதுதான் பாதி தூரம் வந்திருந்தார்.

"ஏன் அளக்கல?"

"அளக்க என்னக்கா இருக்கு? முழுசா ரெண்டு விரக்கடை அவங்களுது."

"நமக்குன்னு பாத்தேனே..." என்றார். 

உடை மாற்றும் அறையில் மாரிவிக் என் தோளைத் தொட்டாள். "நீ நாடா கேப்பேன்னுதான் நின்னேன். உங்க பந்துதான் கிட்ட இருந்துச்சு. நீயா குடுக்கும்போது நான் வேணாம்னா சொல்லுவேன்?"



அடுத்த வாரம் பயிற்சி முகாமுக்கு எங்கள் இருவரையுமே கூப்பிட்டார்கள். அக்கா வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பயிற்சியாளர் என்னிடம் சொன்னார்: "வெள்ளிக்கிழமை அணிப் பட்டியல் போயிரும். அதுக்குள்ள அவங்க மனசு மாறினா சரி. இல்லேன்னா இனிமே நீதான் தலைவி."

சனிக்கிழமை கிள்ளானில் அவர் வீட்டுக்குப் போனேன். வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப என் கண்ணு சரியாத்தான் பாத்துச்சா?"

"ஆமாக்கா."

"அவசரத்துல விட்டுட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடி. தோத்தது பெருசில்ல. எனக்குக் கண்ணு போச்சுன்னு பத்து நாளா அழுதுட்டிருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பட்டியல் நேத்து சாயங்காலமே போயிருச்சு நிதா. ஒரு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? உனக்கு அது தெரியாதா என்ன?"

தெரியும். தெரிந்துதான் சனிக்கிழமை வந்தேன்.