எறும்புக் கிண்ணம்

...வேர்க்கவில்லையே, இந்தப் பித்தளைக் குழாய் வேர்க்கவில்லையே, தினமும் விடியும்போது முத்து முத்தாய் வேர்த்துச் சொட்டுச் சொட்டாய்த் தரையில் விழுமே, இன்றைக்குப் பார்த்துத் துடைத்துவைத்த குத்துவிளக்கு மாதிரி காய்ந்துபோய் நிற்கிறதே என்று தையல்நாயகி புறங்கையை ஒருதரம் வைத்தாள், உள்ளங்கையை ஒருதரம் வைத்தாள், ஐஸ் பெட்டியின் கதவைத் திறந்து உள்ளே இருந்த பீர் உருளையின் வயிற்றைத் தடவினாள்... குளிர்ச்சி இருக்கிறது, ஆனால் அது கிணற்றுத் தண்ணீர்க் குளிர்ச்சி, பானைத் தண்ணீர்க் குளிர்ச்சி, நேற்று வரைக்கும் விரலைச் சுரீரென்று கடித்ததே அந்தக் குளிர்ச்சி இல்லை. மாரியம்மா, இன்றைக்கா, வருஷத்தில் எத்தனை நாள் கிடக்கிறது, பிரெஞ்சுக்காரன் திருநாள் பதினாலு ஜூலைதானா கிடைத்தது இந்தச் சனியனுக்கு... சேச்சே, திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அந்தப் பேரைத் திட்டுவதற்கா எடுப்பது, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். குனிந்து பெட்டியின் அடியில் பார்த்தாள், மண்ணெண்ணெய் விளக்கு ஒரு குறையும் இல்லாமல் நீலமாய் எரிந்துகொண்டிருந்தது, தீ எரிகிறது, குளிர் வரவில்லை, இப்போது யாரைப் போய்க் கேட்பது. கேட்க வேண்டிய மனுஷர் விடிந்தும் விடியாமல் மெடல்களைக் குத்திக்கொண்டு, தன்னோடு பட்டாளத்தில் இருந்த பழைய சொல்தாக்களோடு சேர்ந்து, சண்டையில் செத்தவர்களின் தூணுக்கு மாலை வைக்கக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார், தினமும் கண்ணைத் திறந்ததும் இந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவார், இன்றைக்கு மட்டும் இந்தப் பக்கமே திரும்பாமல் போனார். பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி பயம் போலிருக்கிறது, பாவம்.

பயப்படாத மனுஷர் என்றுதான் ஊரெல்லாம் பேர். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனில் துப்பாக்கியும் பிடித்து, அப்புறம் அதிகாரிகள் சாப்பாட்டுக் கூடத்தில் பீர்க் குழாயும் பிடித்தவர் சோமசேகரன். கல்யாணம் ஆன நாளாய் லீவுக்கு வருவார், பெட்டியைப் பிரிப்பார், பெட்டியைக் கட்டுவார், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த புருஷன். நிரந்தரமாய் வந்து சேர்ந்தபிறகு ஒரு வருஷம் கூடத்தில் நாற்காலியைப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார், கூப்பிட்டால் திரும்புவார், சோறு போட்டால் சாப்பிடுவார், இதற்கு லீவில் வந்தவரே தேவலை என்றுகூட நினைத்திருக்கிறாள், நினைத்ததற்காக அழுதும் இருக்கிறாள். கொடி மாறியது, வெள்ளைக்கார டாக்டர் ஊரைக் காலி செய்தார், அவர் வீட்டுச் சாமான் ஏலத்தில் இந்த மண்ணெண்ணெய் ஐஸ் பெட்டி மாட்டுவண்டியில் வந்து இறங்கியது, அன்றைக்கு எழுந்தார் மனுஷர்! அடேயப்பா, என்ன வேகம், என்ன கை! ஐஸ் பெட்டி வைத்திருப்பவன் உள்ளே வெண்ணெய் வைப்பான், மருந்து வைப்பான், இவர் அதன் கதவில் பொத்தல் போட்டார். தெருவே வாசலில் நின்றது, ஐயோ ஐயோ, நல்ல சாமானை நாசம் பண்றாரே என்று. பக்கத்தில் துளைத்தால் காற்றுக் குழாய் அறுந்துவிடும், கதவில்தான் ஒன்றும் ஓடவில்லை, அதனால் கதவு என்று அவர் அவளுக்கு மட்டும் கரித்துண்டால் தரையில் போட்டுக் காட்டினார், அவளுக்கு முழுக்கப் புரியவில்லை, புரியாவிட்டால் என்ன, அந்த விரல் போகிற போக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. காஜா மைதீனின் சோடா கம்பெனியில் ஓரமாய்க் கிடந்த பழைய செம்பு உருளை, உள்ளே ஈயம் பூசியது, அதுதான் பீர் இருக்கும் பீப்பாய். அதிலிருந்து செம்புக் கம்பிக் குழாய் சுருள் சுருளாய்ச் சுற்றிக் கதவு வழியே வெளியே வரும், வருகிற இடத்தில் தேன்மெழுகும் தேங்காய் நாரும் வைத்து அடைப்பு, வாயில் பித்தளைக் குழாய், அந்தக் குழாய்க்குப் பிடி அவளுடைய உடைந்த அப்பளக் குழவி. அப்பளக் குழவிக்கு வந்த வாழ்வைப் பார்த்தியா என்று அவள் சிரித்தபோது அவரும் சிரித்தார், சத்தம் போட்டு, பல் தெரிய. இருபது வருஷக் கல்யாணத்தில் அந்தச் சிரிப்பை அவள் கேட்டது அன்றைக்குத்தான். பீரைத் தள்ளிவிடக் காற்று வேண்டும், அதற்கும் காஜா மைதீன்தான், சோடாவுக்கு அடைக்கிற காற்று இரும்புக் குப்பியில். நீங்க தொழுகைக்குப் போற மனுஷன், இதுக்குப் போய்க் குடுக்குறீங்களே அண்ணே என்று இவள் கேட்டதற்கு, "நான் குடுக்குறது காத்து தங்கச்சி. காத்து ஹலால்தான். அது எங்க போவுதுன்னு நான் பின்னாடியே போயா பாக்க முடியும்?" என்று தாடியைத் தடவிக்கொண்டார்.

எல்லாம் சரியாய்த்தானே போனது... அந்தத் தெட்சிணாமூர்த்தி வாயைக் கொடுக்காமல் இருந்திருந்தால். சைகோனில் இவரோடு ஒரே கொட்டகையில் படுத்தவர், நல்ல மனுஷர்தான், குடும்பத்தோடு பிரான்சுக்குக் கப்பல் ஏறப் போகிறார், போகிறவர் தனியாய்ப் போகக் கூடாதா, வாடா வாடா என்று இவரையும் இழுக்கிறார். சித்திரையில் வந்து இவருடைய முதல் பீரைக் குடித்துவிட்டு மூஞ்சியைச் சுளித்தார், ஐஸ் பெட்டி அப்போது பாதி வேலையில் இருந்தது, பீர் வெதுவெதுவென்று இருந்தது. "இது பீர் இல்லடா சோமு, கழனித்தண்ணி. பதினாலு ஜூலைக்கு வர்றேன், நுரையோட, சில்லுன்னு ஒரு கிளாஸ் குடு, அப்புறம் நான் கப்பல் பேச்சே எடுக்கல. குடுக்க முடியலியா, பேசாம பொட்டியக் கட்டிக்கிட்டு என்னோட வா." இவரும் சரிடா என்று கையில் அடித்தார். ஆம்பளைகள் விளையாட்டு என்று வேறு எவளாவது சிரித்திருப்பாள், தையல்நாயகிக்குத் தெரியும், இந்த மனுஷர் விளையாட்டுக்கு ஒரு வார்த்தை சொன்னாலும் அதுதான் சாசனம். சுரக்குடியில் கட்டிக்கொடுத்த மகள் லோகாம்பாள் வயிற்றுப் பிள்ளைக்காரி, ஆவணியில் தலைப்பிரசவம், அவளை விட்டுவிட்டுப் பனி கொட்டுகிற ஊரில் போய் யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவது? அவர் போனால் போகட்டும் என்று இருந்துவிடலாமா... பழைய தையல்நாயகி இருந்திருப்பாள், பழகிப்போன ஒன்றுதானே. இப்போது முடியாது. இப்போதுதான் புருஷன் என்று ஒருத்தர் வீட்டுக்கு வந்திருக்கிறார், கரித்துண்டும் கையுமாய்.

சரி, புலம்பினால் குழாய் வேர்க்குமா, என்ன ஆயிற்று என்று பார், என்று தனக்குத் தானே அதட்டிக்கொண்டு பெட்டியைச் சுற்றி வந்தாள். பெட்டியின் மேல் ரசமட்டம் கிடந்தது, கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கிற அந்தக் கட்டை, நடுவில் கண்ணாடிக் குப்பியில் ஒரு குமிழ். விளக்கு வைத்ததும் அதைப் பெட்டிமேல் வைத்துப் பார்ப்பார், விபூதி பூசுவது தவறினாலும் இது தவறாது. "இது நேரா நிக்கணும் தையலு, துளி சாஞ்சாலும் உள்ள ஓடுறது ஓடாது, கோவிச்சுக்கிட்டுப் படுத்துக்கும்" என்பார். குமிழ் நடுவில்தான் இருக்கும், எப்போதும் நடுவில்தான்... இப்போது ஒரு ஓரமாய்ப் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. தையல்நாயகி குனிந்தாள். கீழே பார்த்தாள். நாலு காலுக்கும் அடியில் நாலு கிண்ணம், கிண்ணத்தில் தண்ணீர். அடிப் பாவி, நீதானடி! நேற்று விளக்கு வைக்கிற நேரம், குழாயில் சொட்டிய தித்திப்புக்கு எறும்பு சாரிசாரியாய் ஏறிக்கொண்டிருந்தது, தின்கிற பண்டம் வைக்கிற அலமாரிக்குக் காலடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்காத வீடு இந்தக் காரைக்காலில் உண்டா, இதுவும் கால் உள்ள அலமாரிதானே என்று வீட்டு வேலைக்கு வருகிற பூவாயியைக் கூப்பிட்டு நெம்புகோல் போடச் சொல்லி ஒவ்வொரு காலாய் ஏற்றிவைத்தாள், நாளைக்கு நாலு பேர் வருகிற இடம், எறும்பு மிதக்கிற பீரையா குடிப்பார்கள் என்று. மூன்று கல் கிண்ணம் இருந்தது, நாலாவது கிடைக்கவில்லை, பீங்கான் பூசிய தகரக் கிண்ணத்தை வைத்தாள், எல்லாம் ஒரே உயரம் மாதிரிதான் கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்து என்ன செய்ய, உள்ளே ஓடுகிற தண்ணீருக்குத் தெரியவில்லையே. வினையை விலை கொடுத்து வாங்குவார்கள் என்பார்கள், இவள் கிண்ணம் கொடுத்து வாங்கியிருக்கிறாள்.

வாசலுக்கு ஓடினாள். நல்ல வேளை, காஜா மைதீனின் சோடா வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டவர் அவளைத் திட்டவில்லை, "எங்க ஊட்டுலயும் ஆரிபா இதத்தான் செஞ்சிருப்பா" என்று சிரித்துவிட்டுச் சட்டைக் கையை மடக்கினார். அவர் கடப்பாரையால் நெம்ப, அவள் கிண்ணத்தை உருவ, தண்ணீர் கொட்டி, தரை நனைந்து, ஒவ்வொரு காலாய் இறங்கியது. ரசமட்டத்தில் குமிழ் நகர்ந்து நகர்ந்து நடுவுக்கு வந்து நின்றபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "இன்ஷா அல்லாஹ், மதியத்துக்குள்ள பிடிச்சிடும். கதவ மட்டும் தொறந்து தொறந்து பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

திறக்காமல் இருப்பது எப்படி, அரிசி களைந்தாள், மீன் குழம்புக்குப் புளி கரைத்தாள், கை அதன்பாட்டில் வேலை செய்தது, மனசு பெட்டிக்கடியில் விளக்கோடு விளக்காய் எரிந்துகொண்டிருந்தது. நெருப்பை வைத்தால் குளிர்கிறதாம், இதை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ, அதைவிட, அதை ஏலத்தில் பார்த்ததும் இதில் பீர் ஊற்றலாம் என்று தோன்றியதே ஒரு தலைக்கு, அது எப்பேர்ப்பட்ட தலை. எல்லாம் தெரிந்த தலை என்றும் சொல்லிவிட முடியாது, முதல்முதலில் மளிகைக் கடைப் பார்லியை வாங்கிவந்து ஈரத்துணியில் கட்டிவைத்துவிட்டு முளைக்கும் முளைக்கும் என்று காத்திருந்தார். "ஏங்க, தோல எடுத்துட்ட தானியம் எங்கயாச்சும் மொளைக்குமா? தேசம் தேசமா சுத்திட்டு வந்து இது தெரியலியா?" என்று இவள் கேட்டதும் அப்படியே நின்றார், இன்னொருத்தராய் இருந்தால் கோபப்பட்டிருப்பார், இவர் நெற்றியில் அடித்துக்கொண்டு, அப்ப நீயே மொளைக்க வையி என்று மூட்டையை அவளிடம் ஒப்படைத்தார். தோலோடு தானியம் வந்தது, கேழ்வரகுக்குச் செய்கிற மாதிரியே ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, இளஞ்சூட்டில் வறுத்தது அவள் கை. புளிக்கவைத்தது பூவாயி கொண்டுவந்த கள்ளின் அடிமண்டி. கசப்புக்குச் சீமையிலிருந்து ஏதோ பூ வரவேண்டும் என்றார், வரவில்லை, வேப்பம்பூவைக் காட்டினாள், முகர்ந்து பார்த்துவிட்டு இது போதுமே என்றார். இது போதுமே... அந்த வார்த்தையை எத்தனை தரம் தனியாய்ச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். போதும் என்றவர் போகமாட்டார்தானே? குழாயைப் பார்த்தாள். பித்தளையில் லேசாய் ஒரு மங்கல், மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி. விரலால் தொட்டாள், விரலில் ஈரம். அடி என் ராசாத்தி, வேர்த்துவிட்டாயா!

உச்சி வெயிலில் வந்தார்கள், தெட்சிணாமூர்த்தி முதலில், பின்னால் இன்னும் சில பழைய சொல்தாக்கள், எல்லார் நெஞ்சிலும் மெடல் கிலுகிலுத்தது. சோமசேகரன் கடைசியாய் வந்தார், பெட்டியைப் பார்க்காமல் கண்ணாடிக் கிளாஸைத் துடைத்தார், துடைத்த கிளாஸையே மறுபடி துடைத்தார், என்ன இந்த மனுஷர், பிடியைப் பிடித்து இழுக்கக் கூடாதா, அப்புறம் அப்பளக் குழவியைப் பிடித்து இழுத்தார். புஸ் என்று ஒரு சத்தம், முதலில் வெறும் நுரை, பின்னால் பொன்னிறமாய்ச் சாய்ந்து இறங்கியது, கிளாஸ் அப்படியே மூடுபனி போட்டுக்கொண்டது. குளிர் கையில் பட்டதும் அவர் திடுக்கிட்டுக் கிளாஸைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். தெட்சிணாமூர்த்தி ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய் குடித்தார், மீசை நுரையைத் துடைக்கவில்லை. "தோத்துட்டேன்டா சோமு" என்றார். "சைகோன்லயும் இப்படி ஒண்ணு குடிச்சதில்ல. இனிமே கப்பல் பேச்சு எடுத்தேன்னா செருப்பால அடி." எல்லாரும் கை தட்டினார்கள், ஒருத்தர் பிரெஞ்சுப் பாட்டை எடுத்துவிட்டார், ஜன்னலுக்கு வெளியே தெரு கூடி நின்று வேடிக்கை பார்த்தது, கதவில் பொத்தல் போட்டபோது ஐயோ என்றவர்கள்தான், இப்போது வாயைப் பிளந்தார்கள். அடுக்களை வாசலில் நின்ற தையல்நாயகிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, என் புருஷன், என் புருஷன் செய்தது என்று சத்தம் போட்டுச் சொல்லவேண்டும் போலிருந்தது.

பாட்டு உச்சத்துக்குப் போனபோது அவர் அரைக் கிளாஸை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார். "ஒரு வாய் குடி. உன் பார்லிதான்." அவள் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு நாக்கில் வைத்தாள், பல் கூசியது, அப்புறம் கசந்தது, வேப்பம்பூ ரசத்தின் அதே கசப்பு, ஆனால் குளிர்ந்து, தூரத்திலிருந்து வருகிற மாதிரி. அவர் சிரிப்பார் என்று நிமிர்ந்தாள். அவர் பெட்டியின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், காய்ந்துகொண்டிருந்த தண்ணீர்த் தடத்தை.

"கிண்ணத்த எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேங்க."

"ம்" என்றார். அவள் கையிலிருந்த கிளாஸை வாங்கி மீதியைக் குடித்துவிட்டுப் பாட்டுக்காரர்களிடம் திரும்பிப் போனார். அப்படியானால் இவருக்கு முன்னமே தெரியும்... நேற்று விளக்கு வைத்தபிறகு அவர் ரசமட்டத்தை வைத்தார், வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார், அவள் அடுப்படியிலிருந்து பார்த்தாளே, அப்புறம் சோறு போடு என்றார், அவ்வளவுதான் சொன்னார். குமிழ் ஓரத்தில் ஒட்டியிருந்ததைப் பார்த்தவர் தகரக் கிண்ணத்தைத் தொடவில்லை, காலையில் குழாயையும் தொடவில்லை. ஆசையாய் வைத்திருக்கிறாள், எடுத்தால் முகம் வாடிவிடுவாள் என்று விட்டாரா? இல்லை, கப்பல் ஏறுகிறேன் என்று தன் வாயால் சொல்ல முடியாததை அந்தக் கிண்ணம் சொல்லட்டும் என்று விட்டாரா? தெட்சிணாமூர்த்தியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு அவர் பாடிக்கொண்டிருந்தார், சத்தம் போட்டு, பல் தெரிய, கண் மட்டும் கண்ணாடிக் கிளாஸில் இருந்தது. குழாய் சொட்டிய இடத்துக்கு அதற்குள் ஓர் எறும்பு வந்துவிட்டது. ஏங்க, கிண்ணத்தை மறுபடி வைக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை.